குளிரண்ணனும் பாதியில் நின்ற கோடும்

குளிருக்கு ஒரு கடைசிப் படி இருக்கிறதாம். அதற்குக் கீழே யாராலும் இறங்க முடியாதாம். அந்தப் படி வரைக்கும் போய்க் குளிரைப் பிடித்து வருகிற மனிதருக்கு, மின்விசிறி மூன்றாம் எண்ணில் சுற்றினால் தும்மல் வரும் என்றால் யார் நம்புவார்கள்? குளிரண்ணன் அப்படித்தான். அது அவருடைய அம்மா வழி. தாய்மாமன்கள் நாலு பேரும் கொளுத்துகிற வெயிலில் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போனவர்கள். மூன்றாம் மாமனுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று பெண் வீட்டார் நினைத்துக்கொண்டு, கல்யாணம் முடிந்து ஒரு மாதம் வரைக்கும் அவரிடம் கத்திக் கத்தியே பேசினார்கள்.

அவரை இந்த வேலைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது அப்பா வழி. அப்பாவுக்கு மூன்று அக்கா. நடு அக்காவைக் கட்டியவர் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஒன்பதாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்ட பிள்ளையை அந்த அத்தை வீட்டு மாமாதான் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். சிலிண்டர் வால்வில் கசிவு இருக்கிறதா என்று மற்றவர்கள் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். இவர் காதை வைத்தே சொல்லிவிடுவார். ஒரு நாள் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வால்வு திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது என்று ஆள் வந்தது. இவர் போய்த் திறந்தார். திறக்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். இருபத்தொன்பது வருஷம் ஆயிற்று. "அரைமணி நேரத்துல வர்றேன்னு சொல்லிட்டுப் போனான்" என்று அத்தை வீட்டு மாமா கண்ணை மூடுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கே அவர் பொறுப்பில் இருந்தது ஒரு குளிர்பொறி. கூரையிலிருந்து தொங்குகிற ஆளுயர வெள்ளி நிறக் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பானைக்குள் பானை, அதற்குள் பானை என்று ஆறு அடுக்கு. உள்ளே ஹீலியம் சுற்றிச் சுற்றி வந்து, அடியில் இருக்கிற செப்புத் தகட்டைக் குளிர வைக்கும். அந்தக் கடைசிப் படிக்கு மேலே, ஒரு டிகிரியை ஆயிரம் துண்டாக நறுக்கினால் பதினைந்து துண்டு உயரத்தில் குளிரண்ணன் தகட்டை நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு, "பதினைஞ்சு" என்று ஒரு வார்த்தை சொல்வார். பேரன் பிறந்த சேதியைச் சொல்கிற முகமாக இருக்கும் அது.

அந்த அறைக்கு இரண்டு சட்டம். இரண்டும் அவர் போட்டது. ஒன்று, கைபேசி, ரேடியோ, கைக்கடிகாரம் என்று மின்சாரம் ஓடுகிற எதுவும் உள்ளே வரக் கூடாது. வாசலில் பிஸ்கட் டப்பா ஒன்றை வைத்திருந்தார். நிலையத்தின் இயக்குநரே வந்தாலும் கைபேசியை அதில் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். "பை நிறைய இருக்குன்னு தெரியுது சார், எடுங்க" என்று வாய்விட்டுக் கேட்பார். இரண்டாவது, அவர் இல்லாமல் யாரும் பொறியைத் தொடக் கூடாது. அளவெடுக்கிற நேரம் முழுக்க அவர் தன் ஸ்டூலைப் பொறிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருப்பார். மதியச் சாப்பாட்டு டப்பாவையும் மடியில் வைத்து அங்கேயே சாப்பிடுவார்.

பொறியில் அளவெடுப்பவர் ஒரு பேராசிரியை. எல்லோருக்கும் அவர் மேடம். குரல் உயராது, சிரிப்பும் லேசில் வராது. இரண்டு வருஷமாக அவர் ஒரு படலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் செப்புத் தகட்டில் ஒட்டி வைத்த கண்ணாடிச் சில்லின் மேல் பூசிய உலோகப் பூச்சு அது. கனத்தில் பத்துப் பன்னிரண்டு அணுதான் இருக்கும். நகத்தால் சுரண்டினால் நகத்தோடு போய்விடும்.

அந்த மாதிரிப் படலத்தைக் குளிர வைத்தால் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும் என்பது படித்தவர்கள் கணக்கு. ஒன்று, மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்கு மீக்கடத்தி என்று பெயர். இல்லாவிட்டால் ஒரேயடியாகக் கதவைச் சாத்திக்கொண்டு மின்சாரத்தை விடவே கூடாது. மேடத்தின் படலம் இரண்டையும் செய்யவில்லை. குளிரக் குளிரத் தடை விறுவிறுவென்று இறங்கும், திரையில் கோடு சரியும், இதோ சைபரைத் தொடப்போகிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்கள். கோடு பாதி வழியில் நின்றுவிடும். அதற்கப்புறம் எவ்வளவு குளிர வைத்தாலும் படுத்த பாய் மாதிரி அப்படியே கிடக்கும்.

"இது மீக்கடத்தியாவும் ஆகல, அடைச்சுக்கவும் இல்ல. சாதாரண உலோகம் மாதிரி நிக்குது. இவ்வளவு மெல்லிசுல உலோகம் நிக்கவே கூடாதுண்ணே" என்றார் மேடம்.

குளிரண்ணனுக்கு இது உடனே புரிந்துவிட்டது. வீட்டில் ஒரு மச்சினன் இருந்தான். மனைவிக்கு ஒரே தம்பி. நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், இரண்டு வருஷமாகிறது. வேலைக்கும் போக மாட்டான், ஊருக்கும் போக மாட்டான். விருந்தாளி என்று சொல்லவும் முடியாது, வீட்டு ஆள் என்று சொல்லவும் முடியாது.

"நம்ம வீட்டுலயும் ஒரு படலம் இருக்கு மேடம்" என்றார்.

மேடம் அன்றைக்குத்தான் சிரித்தார்.

மேடம் இதைக் கட்டுரையாக எழுதி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பியதும் வினை வந்தது. நிலையத்தின் தலைமை ஒரு பரிசோதகரை அனுப்பியது. ஒல்லியான மனிதர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்க்கிறவர், வணக்கம் சொன்னால்கூட "அப்படியா?" என்று கேட்கிறவர். வந்த அரைமணியில் அவருக்குச் சந்தேகம் சார் என்று பெயர் விழுந்துவிட்டது.

"பொறி பழசு. குளிர் சரியா இறங்கலன்னு நினைக்கிறேன். அதனாலதான் கோடு நிக்குது. மூணு நாள் பார்ப்பேன். குளிர் சரியில்லன்னா பொறிக்கு முத்திரை வச்சு மூடிடலாம்" என்றார் அவர்.

பொறியை மூடினால் குளிரண்ணன் எங்கே போவது? அதற்கும் சந்தேகம் சாரே பதில் வைத்திருந்தார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருப்பதால், சிலிண்டர் கிடங்கில் காலி எது, நிரம்பியது எது என்று பார்த்து அடுக்குகிற வேலை. இருபத்தொன்பது வருஷமாகப் பதினைந்து பதினைந்து என்று சொன்ன வாயால் காலி, நிரம்பியது, காலி என்று சொல்வதா?

"சார், வெப்பமானியைப் பாருங்க. பதினைஞ்சு."

"அது தகட்டு மேல இருக்கு. தகடு குளிர்ந்திருக்கு, ஒத்துக்கறேன். படலத்துக்குள்ள ஓடுற எலக்ட்ரான் குளிர்ந்திருக்கான்னு யாரு போய்ப் பார்த்தா?"

"பாத்திரம் குளிர்ந்தா உள்ள இருக்கறது குளிராதா சார்?"

"உள்ள யாராவது ஒரு ஹீட்டரைப் போட்டு வச்சிருந்தா?"

"என் அறைக்குள்ள ஹீட்டரா? யாரு சார் கொண்டு வருவா? அவனைக் காட்டுங்க, இந்தக் கையாலேயே கழுத்தைப் பிடிச்சு வெளியில தள்ளறேன்."

சந்தேகம் சார் விளக்கினார். நிஜமான ஹீட்டர் வேண்டாம். எங்கிருந்தாவது ரேடியோ இரைச்சல் வந்தால் போதும். படலத்துக்குப் போகிற கம்பிகள் ஏரியல் மாதிரி அதைப் பிடித்து உள்ளே இறக்கிவிடும். தகடு குளிர்ந்தே இருக்கும், எலக்ட்ரான் மட்டும் சூடேறித் திரியும். கோடு இறங்காமல் நிற்கும். பெரிய அதிசயம் என்று நாம் கொட்டு முழக்கிக்கொண்டிருப்போம்.

மேடம் முகம் வெளுத்தது. இரண்டு வருஷ உழைப்பு ஆயிற்றே.

முதல் நாள் கோடு வழக்கம்போல இறங்கி, வழக்கம்போல நின்றது.

இரண்டாம் நாள் மதியம் ஒன்றே காலுக்கு வாசல் காவலாளி வந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, உங்க மச்சினன் சாப்பாட்டு டப்பாவோட வந்து நிக்கறாரு. நேர்லதான் குடுப்பேன்னு சொல்றாரு." அன்றைக்கு அவசரத்தில் குளிரண்ணன் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அளவு ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது இத்தனை வருஷத்தில் இல்லாத வழக்கம். ஆனால் பசி. போனார். மச்சினன் அங்கே காவலாளியிடம் முதுகுவலி பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். டப்பாவை வாங்கித் திரும்ப இருபது நிமிஷம் ஆயிற்று.

வந்து பார்த்தால் அறைக்குள் ஒரே பரபரப்பு. மேடமும் சந்தேகம் சாரும் திரையில் மூக்கு முட்டுகிற மாதிரி நின்றார்கள். ஒன்றே காலுக்குக் கோடு திடீரென்று கீழே விழுந்திருந்தது. ஒன்று முப்பத்தைந்துக்கு மறுபடி மேலே ஏறிப் பழைய இடத்தில் நின்றுவிட்டது. நடுவில் ஒரு பள்ளம்.

"பார்த்தீங்களா?" என்றார் சந்தேகம் சார். "இரைச்சல் குடுக்கற ஏதோ ஒண்ணு இருபது நிமிஷம் நின்னிருக்கு. நின்னதும் எலக்ட்ரான் குளிர்ந்திருக்கு."

குளிரண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. தன் குளிரைக் கெடுக்கிற திருடன் இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறான்! டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. அப்படியே கீழே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

லிஃப்ட்காரரைப் பிடித்தார். "ஒண்ணே காலுக்கு லிஃப்டை நிறுத்தினியா?"

"இல்லண்ணே, அப்பதான் எல்லாரும் சாப்பிட இறங்குவாங்க."

கேன்டீன்காரரிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டார். மாடியில் ஒரு குமாஸ்தா மேஜைக்கு அடியில் மீன் தொட்டி வைத்திருந்தார், அதில் காற்றடிக்கிற மோட்டாரைப் பிடுங்கினார். மீனுக்கு ஏதாவது ஆனால் சும்மா விடமாட்டேன் என்று குமாஸ்தா மல்லுக்கு நின்றார். குழல் விளக்குகளை அணைக்கச் சொன்னார். காவலாளியின் வயர்லெஸ்ஸைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டினார். நாலு மணிக்கு அந்தக் கட்டடத்தில் ஓடிக்கொண்டிருந்தது இரண்டே இரண்டுதான், குளிர்பொறியும் குளிரண்ணனும்.

ஓடி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "இப்ப பாருங்க சார்" என்றார்.

கோடு மேலே, நின்ற இடத்திலேயே நின்றது.

"நீங்க வெளியில அலைஞ்சப்ப மறுபடி இறங்குச்சுண்ணே" என்றார் மேடம், யோசனையாக. "இப்ப வந்து ஏறிடுச்சு."

"நான் ஒவ்வொண்ணா அணைச்சேன்ல மேடம், அதுல இறங்கியிருக்கும். எவனோ மறுபடி போட்டுட்டான்."

கட்டடம் முழுக்கச் சோதித்த மனிதருக்கு, போவதும் வருவதும் தான் ஒருவர்தான் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. வாசலில் எல்லோரையும் தடவிப் பார்க்கிறவரை யார் தடவிப் பார்ப்பது?

வீட்டுக்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். மனைவி பரிமாறினாள். பக்கத்து அறையில் மச்சினன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வந்த புதிதில் ஒரு கம்பெனிக்கு ஏஜென்டாகச் சேர்ந்து, முதுகுவலிக்கு இதமாகச் சூடு கொடுக்கிற இடுப்புப் பெல்ட் ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தான். இரண்டு வருஷத்தில் பெட்டியிலிருந்து வெளியே போனது ஒரே ஒரு பெல்ட். அது குளிரண்ணனுக்கு இனாமாகக் கொடுத்தது. அந்த ஏ.சி. அறைக் குளிருக்கும் இதமாக இருக்கிறதே என்று அவரும் அன்றிலிருந்து சட்டைக்குள் கட்டினதைக் கழற்றியதில்லை, குளிக்கிற நேரமும் ராத்திரி சார்ஜில் போடுகிற நேரமும் தவிர.

மச்சினன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: "இது மத்த பெல்ட் மாதிரி சும்மா சுடறது இல்லக்கா. உள்ள ஒரு சில்லு இருக்கு. நொடிக்கு ஆயிரக்கணக்குல போட்டு அணைச்சு, போட்டு அணைச்சு, சூட்டை அளந்து அளந்து விடும். எங்க மாமா ரெண்டு வருஷமா கட்டியிருக்காரு. பக்கத்துல ரேடியோ வச்சாத்தான் கொஞ்சம் கொரகொரன்னு…"

குளிரண்ணனுக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. அப்படியே இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது.

"என்னங்க, முகம் ஏன் இப்படிப் போச்சு? உப்பு ஜாஸ்தியா?" என்றாள் மனைவி.

"நான்தாண்டி" என்றார்.

"என்ன நீங்கதான்?"

"ஹீட்டர்."

முழுவதையும் சொன்னார். மனைவி கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் காரியக்காரி.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? நாளைக்குக் கழட்டி வீட்ல வச்சிட்டுப் போங்க. கோடு இறங்கிடும். உங்க குளிர் நல்ல குளிர்னு அந்தாளு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாரு. யாருக்குத் தெரியப்போவுது?"

"கோடு இறங்கும். ஏன் இறங்குச்சுன்னு மேடத்துக்குத் தெரியாதே. ரெண்டு வருஷம் தேடினாங்க, இனி இன்னொரு ரெண்டு வருஷம் தேடுவாங்க. இல்லாத பேயை."

"சொன்னா உங்க மானம் போகுமே. ஊரையே சோதிச்சவரு நீங்க."

"போகும்" என்று ஒத்துக்கொண்டார். மச்சினன் போனை வைத்துவிட்டு வந்து, "மாமா, பெல்ட் நல்லாத்தானே வேலை செய்யுது?" என்று கேட்டான். "ரொம்ப நல்லா செய்யுது மாப்ளே, பொறி வரைக்கும் செய்யுது" என்றார் இவர்.

மூன்றாம் நாள் காலையில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டேதான் போனார். மேடமும் சந்தேகம் சாரும் வந்து உட்கார்ந்தார்கள். கோடு நின்ற இடத்தில் நின்றது. குளிரண்ணன் எழுந்தார், தொண்டையைக் கனைத்தார், சட்டைப் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?" என்று மேடம் பதறினார்.

"திருடனைப் பிடிச்சுக் குடுக்கறேன் மேடம்."

பெல்ட் வெளியே வந்தது. பக்கவாட்டில் சின்னப் பச்சை விளக்கு மினுக்கியது. பொத்தானை அமுக்கி அணைத்தார். கோடு தடாலென்று விழுந்தது. போட்டார். ஏறியது. அணைத்தார். விழுந்தது. சந்தேகம் சார் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக "அப்படியா?" என்று கேட்காமல் வாயைத் திறந்தபடி நின்றார்.

"உடுப்புன்னு நெனைச்சுட்டேன் சார்" என்றார் குளிரண்ணன். "பனியன் மாதிரி. பனியனை யாராவது டப்பாவுல போடுவாங்களா?"

மேடத்தின் கண் முழுக்கத் திரையில் இருந்தது. கோடு விழுந்துகொண்டே போனது. பழைய உயரத்தில் பாதி, கால், அரைக்கால். இதோ சைபர். போயிற்று இரண்டு வருஷம்.

நின்றது.

பழைய உயரத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். அங்கே வந்து கோடு மறுபடி பாயை விரித்துப் படுத்துவிட்டது.

சந்தேகம் சார் மெதுவாகத் திரும்பினார். "உடம்புல வேற என்ன இருக்கு?"

"சத்தியமா ஒண்ணுமில்ல சார்." பாக்கெட்டைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். சாவிக் கொத்தை வெளியே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கட்டின பல்லு ஒண்ணு இருக்கு. அதுல கரண்டு இல்ல. கழட்டட்டுமா?"

"வேண்டாம். நீங்க வெளியில போய் நில்லுங்க."

போனார். சட்டையில்லாமல், கண் தெரியாமல், நடைபாதைக் கோடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குளிரில் பல் தந்தியடித்தது. மீன்தொட்டிக் குமாஸ்தா அந்தப் பக்கம் வந்தவர், நேற்றைய கோபத்தில், "என்னண்ணே, உங்களையும் பிடுங்கிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். குளிரண்ணன் வாங்கிக்கொண்டார். நேற்று கொடுத்ததற்கு இது குறைச்சல்தான்.

அரைமணி கழித்து மேடம் கதவைத் திறந்தார். "நீங்க இல்லாமயும் அங்கேயேதான் நிக்குதுண்ணே" என்றார். சட்டையை நீட்டினார்.

மூன்று நாளில் போக வேண்டிய சந்தேகம் சார் அதற்கப்புறம் பத்து நாள் தங்கினார். கம்பிகளில் புகுகிற இரைச்சலைப் பிடித்து நிறுத்த வடிகட்டி போடலாம் என்றார். குளிரண்ணனே செய்தார். சுருள் கம்பியைச் சின்னச் செப்புக் குழாய்க்குள் வைத்து, செப்புத் தூளைப் பசையில் குழைத்து அடைத்து, இரண்டு பக்கமும் மூடி, ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்று வீதம் இருபத்துநாலு. விரலெல்லாம் செம்பு நிறம் ஏறிவிட்டது. வடிகட்டி போட்ட பிறகு கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. இறங்கி, நின்றது. பொறிக்குள் அனுப்புகிற மின்சாரத்தைக் குறைத்தார்கள், நின்றது. விளக்கை அணைத்தார்கள், நின்றது. "நீங்க ரெண்டு பேரும்கூட வெளியில போய்ப் பாருங்களேன்" என்றார் குளிரண்ணன். அதையும் செய்தார்கள். அப்போதும் நின்றது.

"ஏன் சார் நிக்குது?" என்று கடைசி நாள் கேட்டார்.

"தெரியல" என்றார் சந்தேகம் சார். அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக எதையும் சொல்லி யாரும் கேட்டதில்லை. "சைபருக்கும் போகல, அடைச்சுக்கவும் இல்ல. இரைச்சலைக் கழிச்சாச்சு, சூட்டைக் கழிச்சாச்சு, உங்களையும் கழிச்சாச்சு. மிச்சம் இருக்கறது படலத்தோட சுபாவம். இல்ல, நாம இன்னும் எதையோ கழிக்கல. மேடம் பார்க்கட்டும்."

அறிக்கையை மேடம் படித்துக் காட்டினார். நாலு பக்கம். அதில் குளிரண்ணனுக்கு வேண்டியது ஒரு வரிதான். குளிர் நல்ல குளிர், பொறி ஓடட்டும், இதே ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. மேடம் தான் எழுதியதையும் திருத்தினார். பழைய கோட்டில் பத்தில் ஒன்பது பங்கு இரைச்சல் என்று ஒளிக்காமல் போட்டார். எதன் இரைச்சல் என்ற இடத்தில், "அறையில் இருந்த ஒரு சாதனம்" என்று மட்டும் எழுதினார். பெல்ட் என்று எழுதவில்லை. குளிரண்ணன் அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

கிளம்புகிற அன்றைக்குச் சந்தேகம் சார் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டார். "அந்த பெல்ட்… முதுகுக்கு நிஜமாவே நல்லா கேக்குதா?"

"நல்லா கேக்கும் சார்."

"எனக்கு ஒண்ணு வேணும். வீட்ல மட்டும்தான் கட்டுவேன்."

மச்சினனுக்கு இரண்டு வருஷத்தில் கிடைத்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். அன்றைக்கு வீட்டில் அவன் தோரணையைப் பார்க்க வேண்டுமே! இனிமேல் ஆராய்ச்சியாளர்களுக்கு என்றே தனியாக விற்கப்போவதாகச் சொன்னான். ஊருக்குப் போகிற பேச்சு இன்னொரு வருஷம் தள்ளிப்போயிற்று.

"கழிக்க வேண்டியதெல்லாம் கழிச்சும் நிக்குதுன்னா அது அதோட சுபாவம்னு அந்த சாரே சொல்லிட்டாருல்ல?" என்றாள் மனைவி. "இனிமே என் தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க."

"படலத்துக்கு இருபத்துநாலு வடிகட்டி போட்டோம்" என்றார் குளிரண்ணன். "உன் தம்பிக்கு இன்னும் ஒண்ணுகூடப் போடலியே. வேளா வேளைக்குச் சூடா உள்ள எறக்கறது யாரு? அந்தக் கம்பியை முதல்ல பார்க்கணும்."

மனைவி கரண்டியை ஓங்கினாள். அவர் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

மறுநாள் பிஸ்கட் டப்பாவுக்கு மேலே இருந்த அறிவிப்புத் தாளில், கைபேசி, ரேடியோ, கைக்கடிகாரம் என்பதற்குக் கீழே, அவர் கையெழுத்தில் இன்னொரு வரி ஏறியிருந்தது: "உடுப்பு என்று நினைப்பதையும் ஒரு தடவை தட்டிப் பார்க்கவும்." முதலில் தன் இடுப்பைத் தானே இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கம்பளி, தலையில் மூன்றாம் மாமனின் மஃப்ளர். ஸ்டூலில் உட்கார்ந்தார். பல் கிடுகிடுவென்று ஆடியது. வெப்பமானியைப் பார்த்தார்.

"ப-ப-பதினைஞ்சு" என்றார்.